சாம்பல் நிறத்தில் ஒரு வரி

பொத்தானை அமுக்கிவிட்டுப் பாப்பா பாத்திரம் தேய்க்கப் போனாள். இருந்த நாலு பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து, அடுப்பு மேடையைத் துடைத்து, ஈரக் கையை உதறிக்கொண்டு வந்து பார்த்தபோதும் கணினித் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவழியாகத் திரை வெளுத்தது. வெளுத்ததுதான் தாமதம், கதவு திறக்கக் காத்திருந்த கூட்டம் போல ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. முதலில் ஒரு வானிலைப் பெட்டி, இந்த வீட்டில் யாரும் போயே இராத ஏதோ ஒரு நகரத்தில் இன்று மழை என்றது. அதன் மேல் இன்னொன்று ஏறி நின்று, கணினியில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு கோளாறுகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் அலறியது. மூலையில் ஒரு தள்ளுபடிச் சீட்டு துள்ளியது. ஒரு பெண் குரல் யாரும் கேட்காமலே வணக்கம் சொன்னது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இப்போது அதையும் இலவசமாகவே வைத்துத் தருகிறார்கள்.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்திரண்டு வயது. முன்நெற்றியில் நரை வந்து, அதற்குச் சாயம் போடுவதா வேண்டாமா என்ற யோசனையும் வந்து போயாகிவிட்டது. ஆனால் இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொந்தப் பெயரையும் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். உள்ளே அவள் பாப்பா. அம்மா இருந்தவரை அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். இப்போது கூப்பிட அப்பா ஒருவர்தான் மிச்சம்.

"படத்த மட்டும் எடுத்துக்க பாப்பா," என்றார் அப்பா கூடத்திலிருந்து. "மத்தத ஒண்ணும் தொடாத."

"இந்த லட்சணத்துல எப்படிப்பா எடுக்கறது? ஒண்ணத் தொறந்தா ஒம்போது வருது."

"மெதுவா எடு. என்ன அவசரம்?"

அவசரம் இருந்தது. அம்மா போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். அம்மாவின் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு மாட்டவேண்டும், நல்லதாகப் பத்துப் படம் அனுப்பு, பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அண்ணன் கடல் தாண்டி இருக்கிறான். அவன் இப்போதெல்லாம் பாப்பாவைத்தான் கூப்பிடுகிறான். "அப்பா எப்படி இருக்காரு?" என்று அவளிடமே கேட்பான். போனை அவரிடம் கொடு என்று மட்டும் சொல்லமாட்டான். அவளும் கொடுக்கட்டுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்படியே பதினோரு மாதம் ஓடிவிட்டது.

அப்பாவைத் தெருவில் ஆபரேட்டர் என்றால்தான் தெரியும். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம். பலகை முழுக்க ஓட்டைகள், கையில் ஒயர், காதில் ஹெட்போன் என்றிருந்த காலத்தில் சேர்ந்து, எல்லாம் தானாகப் பேசிக்கொள்ளும் காலம் வந்தபிறகு ஓய்வு பெற்றார். அந்த முப்பத்தோரு வருடத்தில் ஒரு ராங் நம்பர் கொடுத்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. வீடு, வாசல், பட்டம், பதவி என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளும் இடத்தில் அவர் இதைச் சொல்வார். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். சரி என்றால் நோட்டில் எழுதி, கடைசி இலக்கத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார். நிலையத்துப் பழக்கம். அங்கிருந்து இன்னும் சிலதும் வீட்டுக்கு வந்திருந்தன. லைன் தப்பிப் போனால், தப்பு கேபிளிலா, கேட்டவர் வாயிலா என்று விசாரிக்கும் முன்பே ஆபரேட்டர் 'சாரி' சொல்லிவிட வேண்டுமாம். அதனால் வீட்டில் எந்தச் சண்டையிலும் முதல் சாரி அவருடையதுதான். "சண்டைக்கு வந்தா நின்னு சண்டை போடணும். இவரு எடுத்த எடுப்புல சாரின்னுடறாரு, அப்புறம் எனக்கென்ன வேலை?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அதேபோல லைன் கொடுத்தாயிற்று என்றால் ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும், பிறத்தியார் பேச்சைக் கேட்கக் கூடாது. வீட்டில் யார் போன் பேசினாலும் அப்பா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். பாப்பாவுக்குக் கல்யாணம் பேசிய காலத்தில் இந்த நாகரிகம் அவளுக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர் தப்பான எண்ணைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. அது அம்மாவுக்காக.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, பாதி மடித்த போர்வையோடு அப்படியே சரிந்தாள். பக்கத்து வீடுகள் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தன. நாலு தெரு தள்ளி மருத்துவமனை இருக்கிறது, ஆனால் தூக்கிக்கொண்டு ஓடுகிற வயதா அவருக்கு? மருத்துவமனை அட்டையைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். காலண்டர் மாறியபோது அட்டையும் போயிருந்தது. கணினியில் தேடி, எண்ணை எழுதிக்கொண்டு கூப்பிட்டார். எடுத்தவன் மரியாதையாகப் பேசினான். "கவலப்படாதீங்க சார், வண்டி கெளம்பிடுச்சு." மூன்று தடவை கூப்பிட்டார், மூன்று தடவையும் வண்டி கிளம்பியிருந்தது. ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தது, நகரத்தின் மறுகோடியிலிருந்து, வேறு ஏதோ பெயர் எழுதிய ஆம்புலன்ஸ் வண்டி. மருத்துவர், "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா," என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

மருத்துவமனை நடைவழியில், எல்லோர் முன்னாலும், பாப்பா அப்பாவைக் கேட்டாள். "முப்பத்தோரு வருஷம் நம்பர் போட்டீங்களேப்பா. இந்த ஒரு நம்பர சரியாப் பாத்துப் போடத் தெரியலையா உங்களுக்கு?"

அவர் அவளையே பார்த்தார். "தெரியல பாப்பா," என்றார்.

அவ்வளவுதான் அன்று. பன்னிரண்டு நாள் கழித்து அண்ணன் ஊருக்குத் திரும்புகிற அன்று, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அப்பா யாரும் கேட்காமலே சொன்னார். "தப்பு என்னுதுதான். ரெண்டு நம்பர் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்துச்சு. வரி மாறி எழுதிட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல." அண்ணன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். பெரியத்தை, அப்பாவுக்கு அக்கா, வாய்க்குப் பூட்டு இல்லாதவள், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் லைன் குடுத்தவன், கட்டுனவளுக்கு ராங் நம்பர் போட்டுட்டான்." ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொன்னவர்களும் இருந்தார்கள். ஏச்சு, சமாதானம் இரண்டையும் அப்பா ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டார். அதற்குப்பிறகு வீட்டில் போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை. அவரிடம் எண் கேட்டு வந்துகொண்டிருந்த தெருக்காரர்களும் வருவதை விட்டுவிட்டார்கள்.

"நான் போய்ப் பால் வாங்கிட்டு வந்துடறேன்," என்று அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டார். கதவருகே நின்று இன்னொரு முறை சொன்னார். "படம் மட்டும்."

"சரிப்பா, சரிப்பா."

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, படங்கள் இருந்த பெட்டியைத் திறப்பதற்குள் கணினி இரண்டு முறை மூச்சு நின்று விழுந்தது. இவற்றைத் துரத்தாமல் ஒரு படமும் வெளியே வராது என்று தெரிந்துவிட்டது. நிறுவியிருக்கிற மென்பொருள்களின் பட்டியலைத் திறந்தாள். பெயர்வரிசையில் பார்த்தால் ஒன்றும் புரியாது. எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். தேதிவாரியாக அடுக்கினாள். வெளிப்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு பத்துக்கு, ஒரே நிமிடத்தில் ஆறு உள்ளே வந்திருந்தன. முதலாவது, படத்தைச் சுற்றிப் பூப்போட்ட கரை வைக்கிற ஒரு சின்ன மென்பொருள். அது அம்மா கேட்டது. பேத்தியின் படத்துக்குக் கரை வைக்க வேண்டுமென்று இரண்டு வாரம் போனில் நச்சரித்ததைப் பாப்பா மறக்கவில்லை. சாப்பிட அழைத்தது ஒருவரை, வந்து உட்கார்ந்தது ஆறு பேர்.

ஒவ்வொன்றாகக் கிளப்பினாள். வானிலைக்காரன் சொன்னதும் போய்விட்டான், பாவம். தள்ளுபடிச் சீட்டு காரணம் கேட்டது, ஏதோ ஒன்றைத் தட்டினாள். தேடல் பட்டை பாதியில் நின்று, கணினியை அணைத்துப் போடச் சொன்னது. கோளாறு கண்டுபிடிக்கிறவன்தான் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். போகிற மாதிரி போய், மறுபடி போட்டதும் பழைய இடத்தில் வந்து நின்றான். அவன் எங்கே முட்டையிட்டு வைத்திருப்பான் என்று பாப்பாவுக்குத் தெரியும். கணினி விழித்ததும் தானாக எழுகிறவற்றின் பட்டியலில் ஒன்று, மணிக்கணக்கு வைத்து எழுப்புகிற பட்டியலில் இன்னொன்று. இரண்டையும் எடுத்தாள். ஒண்ட வந்த பிடாரிகள் ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதையாக இருந்த திரையில், கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னணிப் படம் தெரிய ஆரம்பித்தது. பின்னணியில் அம்மாதான், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் பூப்போட்ட கரையோடு. பாப்பா ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆறாவதைப் பார்த்தாள். அதன் பெயர் 'துணை'. தயாரித்த நிறுவனத்தின் பெயர் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. சுட்டியின் மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆறு வருடம் அவள் வேலை பார்த்த நிறுவனம் அது. அவள் நிரல் எழுதுகிறவள் அல்ல, வாசகம் எழுதுகிறவள். ஒரு மென்பொருளை நிறுவும்போது நடுவில் வந்து கேள்வி கேட்குமே ஒரு பெட்டி, அந்தக் கேள்வியை நம் மொழியில், நம் வீட்டு மனிதர் கேட்பது போல எழுதித் தருவது அவள் வேலை. துணைக்கு அவள் எழுதியது இது: 'உங்கள் கணினிக்கு ஒரு துணை வேண்டாமா? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.' கீழே பச்சையில் பெரிதாக, 'சரி, பார்த்துக்கொள்ளுங்கள்.' அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில், 'வேண்டாம், நான் தனியாகவே சமாளித்துக்கொள்கிறேன்.' அந்தச் சாம்பல் வரிதான் அவளுடைய சாமர்த்தியம். அதைப் படித்துவிட்டு அதையே அமுக்க யாருக்கும் மனம் வராது. நூற்றுக்கு நாற்பத்தொரு பேர் சரி சொன்ன இடத்தில் எழுபத்து மூன்று பேர் சொன்னார்கள். கைதட்டினார்கள். அரையடி உயரக் கண்ணாடிக் கட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவள் அதைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். இதோ இதே மேசையில், அப்பாவின் நோட்டுக்கு மேலே பாரமாக உட்கார்ந்திருப்பது அதுதான்.

அந்தக் காலத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கூட்டத்தில் கேட்டாள். எதைத் தேடினாலும் நமக்குக் காசு கொடுத்தவர்களின் எண்ணைத்தானே இது முதலில் காட்டும், தேடுகிறவர்கள் ஏமாந்துவிடமாட்டார்களா என்று. பாப்பாதான் பதில் சொன்னாள். "யாரையும் கட்டாயப்படுத்தலையே. கேட்டுட்டுத்தானே வைக்கிறோம்." சொல்லிவிட்டு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். ஒன்றரை வருடத்துக்கு முன் அவள் அங்கிருந்து விலகியதும் மனசாட்சி உறுத்தியல்ல. அலுவலகம் தொலைவுக்கு மாறியது, போய்வர முடியவில்லை. இப்போது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளுக்கு வாசகம் எழுதுகிறாள்.

 வேண்டாம் வேண்டாம் என்று ஒரு மனம் சொல்லச் சொல்ல, தேடுகிற இடத்தில் நாலு தெரு தள்ளியிருக்கிற மருத்துவமனையின் பெயரை அடித்தாள். பெயர் பெரிதாக வந்தது. பக்கத்தில் ஒரு தொலைபேசிப் படம், அதையொட்டி ஓர் எண். ஓரத்தில், உற்றுப் பார்த்தால் தெரிகிற சாம்பல் எழுத்தில், 'விளம்பரம், வழங்குவது துணை'. திரை முழுக்க அந்த ஒரே எண்தான். மருத்துவமனையின் சொந்த எண் கீழே, ரொம்பக் கீழே, உருட்டிக்கொண்டு போனால் நாலாவதாக இருந்தது. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு எண்கள் எங்கேயும் இல்லை. வரி மாற அங்கே வரியே இல்லை.

கண்ணாடிக் கட்டியை நகர்த்திவிட்டு நோட்டை எடுத்தாள். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு. நேரம், எண், யாருக்காக, யார் கொடுத்தது என்று நாலு பத்தி. நிலையத்தில் வைத்த மாதிரியே வீட்டிலும். பதினோரு மாதம் பின்னால் புரட்டினாள். அந்தச் செவ்வாய்க்கிழமை. பத்து பன்னிரண்டு. எண். 'அவளுக்காக' என்று மூன்றாவது பத்தியில். 'கம்ப்யூட்டர்' என்று நாலாவதில். உயிர் போகிற அந்த நேரத்திலும் கடைசி இலக்கத்துக்குக் கீழே புள்ளி வைத்திருந்தார் மனிதர். நோட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, அவர் பார்ப்பது போலவே ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தாள். ஒன்றுகூட மாறவில்லை. அப்பா திரையில் இருந்ததை அச்சு பிசகாமல் எழுதியிருந்தார். அவர் தப்பே செய்யவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. முதலில் அது சந்தோஷ அழுகைதான், சொல்லத்தான் வேண்டும். இப்போதே ஓடிப்போய்த் தெருவில் வைத்தே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள் அப்பா, உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, கைக்கு ஒன்றுமில்லை. அந்த நினைப்புக்குப் பின்னாலேயே அடுத்தது வந்தது. பிறகு யார் தப்பு என்று அவர் கேட்பாரே. வேலியே பயிரை மேய்ந்த கதையை எந்த வாயால் சொல்வது? மருத்துவமனை நடைவழியில் அவரைக் கேள்வி கேட்ட அதே வாயாலா?

பேசாமல் நோட்டை மூடி வைத்துவிடலாம் என்றுதான் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தின் நடுவில் அதே எண் மறுபடியும் இருந்தது. பதினோரு நாள் கழித்த தேதி, அண்ணன் ஊருக்குக் கிளம்பியதற்கு முதல்நாள். அதே கையெழுத்து, அதே புள்ளி. 'யாருக்காக' என்ற பத்தி காலி. 'யார் கொடுத்தது' என்ற பத்தியில் ஒரு சொல் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. அப்பா எழுதியதை அடிக்கிறவர் இல்லை. நோட்டு முழுக்கப் புரட்டினாலும் இன்னொரு அடித்தல் கிடைக்காது. இதைப் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருந்தார். பாப்பா தாளைத் திருப்பி, பின்பக்கம் விரலால் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மசிக்கு அடியில் இரண்டே எழுத்து. துணை.

கதவு திறந்தது. அப்பா பாலோடு உள்ளே வந்தார். அவள் கையில் நோட்டையும் திரையில் அந்த எண்ணையும் பார்த்தார். பால் பையை மேசை ஓரத்தில் வைத்தார். அது சரிந்து விழப்போக, பிடித்து நேராக வைத்தார்.

"படத்த மட்டும் எடுத்துக்கன்னு சொன்னேன்ல."

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் அண்ணங்கிட்ட அப்படிச் சொன்னீங்களா? வரி மாறிப்போச்சுன்னு?"

"லைன் தப்பிப்போனா ஆபரேட்டர்தான் சாரி சொல்லணும். அது வழக்கம்."

"வழக்கமாவது ஒண்ணாவது. அத்தை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க. அண்ணன் உங்ககூடப் பேசறதில்ல. நான்... நான் அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களக் கேட்டேன். ஏம்பா சொல்லல எங்கிட்ட?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"பதினோரு நாள், என் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் பாப்பா. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அப்புறம் மறுபடி தேடிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, இல்லன்னு. தெரிஞ்சதும் அத அப்படியே தூக்கி உன் தலையில வைக்கச் சொல்றியா?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"நீங்க எப்பவும் ஒவ்வொரு எழுத்தாப் படிப்பீங்களேப்பா. கீழ வேண்டாம்னு இருந்திருக்குமே. சின்னதா. அத ஏம்பா அமுக்கல?"

"படிச்சேன். நல்லாப் படிச்சேன். கம்பெனி பேரப் பாத்ததும் உங்கம்மாவையும் கூப்பிட்டுப் படிச்சுக் காமிச்சேன், இது நம்ம பாப்பா எழுதுனதுன்னு. ஈரக் கையோட ஓடி வந்தா. ரெண்டு தடவ படிக்கச் சொன்னா." அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் கீழ இருக்கறத அமுக்கத்தான் போனேன். நமக்கெதுக்கு இதெல்லாம்னு. அவதான் கையைப் புடிச்சுக்கிட்டா. நம்ம பாப்பா கேக்கறா, வேணாம்னா சொல்லுவீங்க அப்படின்னா."

 பாப்பா அழுதாள். அழுது முடிக்கவில்லை, ஆனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள். பட்டியலில் துணையைத் தொட்டு, நீக்கு என்பதை அமுக்கினாள். உடனே நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. வரும் என்று அவளுக்குத் தெரியும். அதையும் அவள்தான் ஒரு மத்தியானம், தேநீர் ஆறுவதற்குள், எழுதிக் கொடுத்தாள்.

அப்பா நாற்காலியை நகர்த்தி நெருங்கி உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எண்ணைத் திருப்பிச் சொல்கிற அந்தப் பழைய குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"எங்களை அனுப்பிவிடுகிறீர்களா. இனி உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "இதுவும் நீ எழுதுனதுதானா?"

"ஆமாப்பா."

"நல்லாத்தான் எழுதியிருக்க." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "எத அமுக்கணும்? பச்சையா?"

"இல்லப்பா. பச்சைய அமுக்குனா இங்கயே இருந்துடும். கீழ பாருங்க. சின்னதா, சாம்பல் கலர்ல."

அப்பா சுட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்பு திரையில் அங்குமிங்கும் அலைந்து, பச்சையைத் தாண்டி, கீழே வந்து, அந்த வரியின் மேல் நின்றது. அதையும் அவர் வாசித்துத்தான் அமுக்குவார் என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம். நான். தனியாகவே. சமாளித்துக்கொள்கிறேன்," என்றார் அப்பா. அமுக்கினார்.

ஒரு நீலப் பட்டை மெல்ல நகர ஆரம்பித்தது. அதே நேரத்தில் பாப்பாவின் போன் மேசையில் அதிர்ந்தது. பதினோரு மணி. அண்ணன்.

"படம் சாயங்காலத்துக்குள்ள வந்துரும்னு மட்டும் சொல்லு," என்றார் அப்பா. நோட்டை மூடி, கண்ணாடிக் கட்டியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாப்பா கண்ணாடிக் கட்டியைத் தூக்கித் தரையில், மேசைக் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நோட்டைப் பிரித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடி எடுத்து, எண்ணுக்குக் கீழே இருந்த புள்ளியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, மற்ற கையால் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"பாப்பா, வேண்டாம்," என்றார் அப்பா.

"ஹலோ," என்றான் அண்ணன் அவ்வளவு தூரத்திலிருந்து. "ஹலோ, கேக்குதா? படம் கெடச்சுதா?"

"கேக்குதுண்ணா. படம் இருக்கட்டும்." புள்ளியிலிருந்த விரலை முதல் இலக்கத்துக்கு நகர்த்தினாள். "மொதல்ல சாரி. ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்க."

அப்பா எழுந்தார். பால் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். பாலை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். லைன் கொடுத்தாயிற்று, இனி கேட்கக் கூடாது. பாப்பா ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல, அவருடைய வலது கை மெல்ல உயர்ந்து, இல்லாத ஹெட்போனைக் கழற்றப் போவது போலக் காதருகே போய், கழற்றாமல் அங்கேயே நின்றது.